டிமீட்டர் உக்காந்துட்டா, ஒலிம்பஸ் இறங்கி வந்துச்சு

கிரேக்க புராணம்னு சொன்னாலே முதல்ல ஞாபகம் வர்றது ஸீயஸோட இடி, ஹெர்குலிஸோட பலம், ட்ராய் சண்டை, அக்கிலீஸோட குதிகால், மெடூசாவோட தலை. இதெல்லாம் எனக்கும் பிடிக்கும், ராத்திரி முழுக்க பேசச் சொன்னாலும் பேசுவேன். ஆனா அந்த மொத்தக் கூட்டத்துல எனக்கு ரொம்பப் பெரிய ஆளாத் தெரியறது தானியத்துக்கும் வெளைச்சலுக்கும் தெய்வமான டிமீட்டர்தான். வாளும் எடுக்கல ஈட்டியும் எடுக்கல, தன் கோயில்ல போய் உக்காந்துக்கிட்டு, என் பொண்ண என் கண்ணால பாக்கற வரைக்கும் இந்த பூமியில ஒரு விதை மொளைக்காதுன்னு சொல்லி, தேவர்கள் எல்லாரையும் வரிசையா வாசலுக்கு வர வச்சவ. தேவர்களுக்கெல்லாம் ராஜாவான ஸீயஸ் எடுத்த முடிவ மாத்த வச்சவங்கள விரல் விட்டு எண்ணிடலாம், அதுல இவ ஒருத்தி.

ஆனா இந்தக் கதைய நமக்கு யாரு சொன்னாலும் ரெண்டு வரியில முடிச்சிடறாங்க. பாதாள ராஜா ஹேடிஸ் டிமீட்டரோட பொண்ணு பெர்செபோனிய தூக்கிட்டுப் போனான், அவ கீழ இருக்கறப்ப குளிர்காலம், மேல வர்றப்ப வசந்தம், பருவம் ஏன் மாறுதுங்கறதுக்கு அந்தக் காலத்து ஆளுங்க கட்டின கதை, அவ்வளவுதான். இது எனக்குப் பத்தவே பத்தாது. ஒரு அம்மாவோட கோபத்த கொண்டு போய் வானிலை அறிக்கையா ஆக்கிட்ட மாதிரி இருக்கு. மூலப் பாட்ட ஒரு தடவை நிதானமா படிச்சுப் பாத்தீங்கன்னா, பருவம் அதுல ஒரு ஓரமாத்தான் வருதுன்னு தெரியும். நடுவுல இருக்கறது வேற விஷயம்.

அந்த மூலப் பாட்டு 'டிமீட்டர் துதி'. ஹோமர் பேர்ல வழங்கற துதிப்பாடல்கள்ல ஒண்ணு, ஆனா பாடினது ஹோமர் இல்ல, யாருன்னு பேர் நிக்கல. கிமு 7 இல்ல 6ஆம் நூற்றாண்டுன்னு அறிஞர்கள் சொல்றாங்க, சுமார் 495 வரி. இதுல என்னைப் பதற வைக்கிற விஷயம் என்னன்னா, இவ்வளவு பெரிய பாட்டு இன்னிக்கு நம்ம கையில இருக்கறதுக்குக் காரணம் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 1777ல மாஸ்கோவில மத்தேயின்னு ஒரு ஜெர்மன் அறிஞர் கண்ணுல அது பட்டுச்சு, இப்ப நெதர்லாந்துல லெய்டன்ல இருக்கு. அது மட்டும் எரிஞ்சோ கரையான் அரிச்சோ போயிருந்தா இந்தப் பாட்டே நமக்கு இல்ல. மத்தவங்க சொன்ன கதைங்க மிஞ்சியிருக்கும்தான், ஆனா இந்த அம்மாவோட மனச இவ்வளவு பக்கத்துல போய்ச் சொன்னது இது மட்டும்தான்.

பாட்டு ஒரு புல்வெளியில ஆரம்பிக்குது. பெர்செபோனி நதித் தேவன் ஓசியனஸோட பொண்ணுங்களோட சேந்து பூப்பறிச்சிட்டு இருக்கா. ரோஜா, குங்குமப்பூ, வயலட், ஐரிஸ், ஹயாசிந்த்னு கவிஞர் அடுக்கிக்கிட்டே வந்து கடைசியா நார்சிஸஸ்ங்கறார். அந்த நார்சிஸஸ் தானா மொளைச்ச பூ இல்ல. ஸீயஸ் சொன்னதுக்காக, ஹேடிஸுக்கு உதவியா, பூமித்தாய் அந்தப் பொண்ணுக்கு வச்ச பொறி. ஒரே வேர்லேந்து நூறு பூ, அந்த வாசனையில வானமும் பூமியும் உப்புக்கடலும் சிரிச்சுதாம். பெர்செபோனி ஆச்சரியப்பட்டு ரெண்டு கையையும் நீட்டறா, தரை பொளந்துக்குது, தங்க ரதத்துல ஹேடிஸ் வர்றான். அவ கத்தறா. யாரைக் கூப்பிட்டு கத்தறான்னா, அப்பாவை. ஸீயஸைத்தான் கூப்பிடறா! அந்த நேரத்துல ஸீயஸ் எங்க இருக்கான்னும் கவிஞர் சொல்லிடறார், தேவர்கள விட்டுத் தள்ளி வேற ஒரு கோயில்ல உக்காந்து மனுஷங்க குடுக்கற படையல வாங்கிட்டு இருக்கான். தன்னை எழுதிக் குடுத்தவனையே காப்பாத்துன்னு அந்தப் பொண்ணு கூப்பிடுது, அதுக்குத் தெரியாது. இந்த எடத்துல நான் எப்பப் படிச்சாலும் கொஞ்ச நேரம் புத்தகத்த கீழ வச்சிடுவேன்.

யாருக்கும் கேக்கல. தேவர்களுக்குக் கேக்கல, மனுஷங்களுக்குக் கேக்கல, ஆலிவ் மரத்துக்குக் கூட கேக்கலன்னு எழுதறார். குகைக்குள்ள இருந்த ஹெகாட்டிங்கற தேவிக்கும் சூரியன் ஹீலியோஸுக்கும் மட்டும் கேட்டுச்சு. பூமியும் வானமும் கடலும் கண்ணுல பட்டுக்கிட்டு இருக்கற வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு அம்மாவ பாத்துடலாம்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சாம். கடைசியில அந்தக் குரல் மலை உச்சியிலயும் கடல் அடியிலயும் எதிரொலிச்சு அம்மா காதுல விழுது.

அப்புறம் டிமீட்டர். தலைத்துணிய கிழிச்சுப் போட்டுட்டு, கறுப்புத் துணிய தோள்ல போட்டுக்கிட்டு, பறவை மாதிரி நிலம் தண்ணி எல்லாத்துக்கும் மேல பறந்து தேடறா. ரெண்டு கையிலயும் தீப்பந்தம். ஒன்பது நாள் அமுதம் தொடல, குளிக்கல, யாரும் உண்மைய சொல்லவும் இல்ல. பத்தாவது நாள் ஹெகாட்டி கையில வெளிச்சத்தோட வந்து, குரல் கேட்டுச்சு ஆனா ஆளைப் பாக்கலங்கறா. ரெண்டு பேரும் ஓடிப் போய் ஹீலியோஸோட குதிரைங்க முன்னாடி நிக்கறாங்க. அவன் உண்மைய சொல்றான், வேற யாரும் காரணம் இல்ல, ஸீயஸ்தான் தன் அண்ணன் ஹேடிஸுக்கு உன் பொண்ண மனைவியாக் குடுத்துட்டான்னு. அதோட நிறுத்தியிருக்கலாம். கூடவே, அழுகைய நிறுத்தும்மா, ஹேடிஸ் ஒண்ணும் மட்டமான மாப்பிள்ளை இல்ல, உன் கூடப்பொறந்தவன்தானே, உலகத்துல மூணுல ஒரு பங்கு அவனோடதுன்னு ஆறுதல் வேற. பெர்செபோனிக்கு ஹேடிஸ் பெரியப்பாவும்தான், தாய்மாமனும்தான். இடம் நல்ல இடம், சொத்து இருக்கு, சொந்தத்துல குடுத்திருக்கு, இன்னும் என்ன வேணும் உனக்கு, இதுதான் ஹீலியோஸ் கேக்கறது.

இந்த வார்த்தைய அன்னிக்கு கேட்ட கிரேக்கப் பொம்பளைங்க எப்படிக் கேட்டிருப்பாங்கன்னு யோசிச்சா மனசு கனத்துடும். ஏதென்ஸ்ல கல்யாண ஒப்பந்தங்கறது பொண்ணோட அப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல நடக்கறது. பொண்ணுகிட்ட கேக்கணும்னு கட்டாயம் இல்ல, அம்மாகிட்டயும் இல்ல. கிரேக்க எழுத்தாளர் ஸெனஃபோன் எழுதின ஒரு உரையாடல்ல இஸ்கோமகோஸ்னு ஒருத்தர், என் மனைவி வீட்டுக்கு வந்தப்ப அவளுக்கு இன்னும் 15 வயசு ஆகலன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போறார். நேத்து வரைக்கும் விளையாடிட்டு இருந்த பொண்ணு, தன்னை விட ரொம்ப மூத்த ஒருத்தனோட, வேற வீட்டுக்கு. அம்மாவுக்கு அது ஒரு சாவு வீடு மாதிரிதான் இருந்திருக்கும். கல்யாணமும் சாவும் கிரேக்க மனசுல எவ்வளவு ஒட்டிக் கிடந்துச்சுங்கறதுக்கு ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்துல ஒரு சிலை இருக்கு, ஃப்ராசிக்லியான்னு ஒரு பொண்ணோட கல்லறைச் சிலை, கிமு 6ஆம் நூற்றாண்டு நடுவுல பாரோஸ் தீவு சிற்பி அரிஸ்டியோன் செஞ்சது, மண்ணுக்குள்ளேந்து 1972லதான் எடுத்தாங்க. கையில விரியாத ஒரு மொட்டு. அடியில கல்லுல வெட்டியிருக்கறது என்னன்னா, என்னை எப்பவும் கன்னின்னே கூப்பிடுவாங்க, கல்யாணத்துக்குப் பதிலா தெய்வங்க எனக்கு இந்தப் பேரைக் குடுத்தாங்கன்னு. கோரேன்னு அங்க இருக்கற அந்தப் பேர்தான் பெர்செபோனிக்கும் இன்னொரு பேரு.

சரி பாட்டுக்கு வர்றேன். உண்மை தெரிஞ்சதும் டிமீட்டர் ஸீயஸ்கிட்ட போய் சண்டை போடல, கெஞ்சவும் இல்ல. தேவர்கள் வாழற ஒலிம்பஸ் மலையே வேணாம்னு இறங்கிட்டா. கெழவி வேஷத்துல ஊர் ஊரா நடந்து ஏதென்ஸ் பக்கத்துல எலூசிஸ்ங்கற ஊருக்கு வந்து, கிணத்தங்கரையில ஒரு ஆலிவ் மர நிழல்ல உக்காந்துட்டா. எனக்கு இந்தப் பகுதிதான் மொத்தப் பாட்டுலயும் பொக்கிஷம், சுருக்கிச் சொல்றவங்க முதல்ல தூக்கி எறியறதும் இதத்தான். தண்ணி எடுக்க வந்த அந்த ஊர் தலைவர் கெலியோஸோட பொண்ணுங்க நாலு பேர், பாட்டி நீங்க யாரு, ஏன் ஊருக்குள்ள வராம இங்க உக்காந்திருக்கீங்கன்னு அன்பா கேக்கறாங்க. இவ ஒரு கதை சொல்றா, கிரீட்லேந்து கடல் கொள்ளைக்காரங்க என்ன என் விருப்பம் இல்லாம தூக்கிட்டு வந்துட்டாங்க, தப்பிச்சு ஓடி வந்தேன்னு. பொய்தான். ஆனா அந்தப் பொய்க்குள்ள பொண்ணோட கதைதான் இருக்கு, தூக்கிட்டுப் போகப்பட்டவளா தன்னையே வச்சு சொல்லிக்கறா. கவிஞர் அத வெளக்கவே இல்ல, அப்படியே விட்டுட்டுப் போறார்.

அவங்க வீட்டுல கைக்குழந்தை ஒண்ணு இருக்கு, டெமோஃபோன், ரொம்ப நாள் தவமிருந்து கடைசி காலத்துல பொறந்த பையன். பாத்துக்க ஒரு ஆள் வேணும். டிமீட்டர் வாசப்படி ஏர்றப்ப அவ தலை உத்தரத்தத் தொடுது, வாசல் முழுக்க வெளிச்சம். வீட்டம்மா மெட்டனைரா பயந்து போய் தன் நாற்காலியையே விட்டுக் குடுக்கறா. டிமீட்டர் உக்கார மாட்டேங்கறா. இயாம்பின்னு ஒரு வேலைக்காரப் பொண்ணுதான் புரிஞ்சுக்கிட்டு, சாதாரண முக்காலி ஒண்ணு எடுத்துப் போட்டு மேல வெள்ளை ஆட்டுத்தோல விரிக்கறா. அதுல உக்காந்து, துணிய முகத்துல இழுத்து விட்டுக்கிட்டு, ரொம்ப நேரம் பேசாம, சிரிக்காம, சோறு தண்ணி தொடாம இருக்கா. அப்புறம் அதே இயாம்பி கேலியும் கிண்டலுமா பேசி அவள சிரிக்க வச்சிடறா. ஸீயஸால முடியாதது, அப்புறம் வரப்போற எந்த தேவனாலயும் முடியாதது, ஒரு வேலைக்காரப் பொண்ணால முடிஞ்சுது! ஒயின் குடுக்கறாங்க, வேணாம்னு சொல்லி, பார்லியும் தண்ணியும் புதினா வகை இலை ஒண்ணும் கலந்து குடுங்கன்னு கேட்டு வாங்கிக் குடிக்கறா. கிகியோன்னு அதுக்குப் பேரு. துக்கத்துல இருக்கற ஒருத்திக்கு முதல் வாய் உள்ள போன நேரம் அது.

அதுக்கப்புறம் அந்தக் குழந்தைய வளக்கறா. பால் குடுக்கல, சோறு குடுக்கல, அமுதத்த உடம்புல பூசி, இனிமையா மூச்சு விட்டு, ராத்திரியில யாருக்கும் தெரியாம நெருப்புக்குள்ள ஒரு விறகுக் கட்டை மாதிரி வச்சு எடுக்கறா. சாவே இல்லாதவனா ஆக்கப் பாக்கறா. ஏன்னு பாட்டு சொல்லல, நானா நெனைக்கறது, சாவு தன் பொண்ண கொண்டு போயிடுச்சு, அதுகிட்டேந்து ஒரு உயிரையாவது புடுங்கிடணும்னு இருந்திருப்பா. ஒரு ராத்திரி மெட்டனைரா எட்டிப் பாத்துட்டு, ஐயோ என் புள்ளன்னு அலறிடறா. அந்த அலறல்ல எல்லாம் கெட்டுப் போச்சு. டிமீட்டர் குழந்தைய தரையில போட்டுட்டு, மனுஷங்களா உங்களுக்கு நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாதுன்னு சீறி, நான் டிமீட்டர், எனக்கு ஒரு கோயில் கட்டுங்கன்னு சொல்லிட்டு, கெழவி வேஷத்த விட்டுட்டு வெளிய போயிடறா. மெட்டனைரா மேல எனக்குக் கோபமே வராது, எந்த அம்மா கத்தாம இருப்பா? ரெண்டு அம்மாவும் தப்பு இல்ல, ரெண்டு பேரும் தோத்தாங்க. அக்காமாருங்க ஓடி வந்து தம்பிய தூக்கிக் குளிப்பாட்டி கொஞ்சறாங்க, ஆனா அவன் அழுகை நிக்கல, இவங்க அந்தப் பழைய தாதி அளவுக்கு இல்லையேன்னு.

கோயில் எழும்புது. டிமீட்டர் அதுக்குள்ள போய் உக்காந்துட்டா. இதுக்கப்புறம்தான் அந்தக் கொடூரமான வருஷம். மாடுங்க வீணா ஏர் இழுத்துச்சு, வெள்ளை பார்லி வீணா மண்ணுல விழுந்துச்சு, ஒண்ணும் மேல வரல. மனுஷக் கூட்டமே பட்டினியில அழிஞ்சிருக்கும். அதோட சேந்து இன்னொண்ணும் நடந்திருக்கும், தேவர்களுக்கு வர்ற படையலும் நின்னு போயிருக்கும். மகள் கத்தினப்ப ஸீயஸ் எத வாங்கிட்டு இருந்தானோ, அதே படையல். இத கவிஞர் தெரிஞ்சேதான் வச்சிருக்கார்னு நான் உறுதியா நம்பறேன். பொண்ணோட குரல் எட்டாத எடத்துக்கு பசி எட்டுச்சு.

முதல்ல ஸீயஸ் தூது போற தேவி ஐரிஸ அனுப்பறான். டிமீட்டர் அசையல. அப்புறம் தேவர்கள் ஒவ்வொருத்தரா வர்றாங்க, பரிசு தர்றேங்கறாங்க, நீ கேக்கற மரியாதை எல்லாம் தர்றேங்கறாங்க. அவ பதில் ஒண்ணுதான், பொண்ணைப் பாக்காம ஒலிம்பஸ்ல கால் வைக்க மாட்டேன், தானியத்த விடமாட்டேன். வேற வழியில்லாம ஸீயஸ் தன் தூதுவன் ஹெர்மீஸ பாதாளத்துக்கே அனுப்பறான். ஹேடிஸ் புருவத்தால சிரிச்சுக்கிட்டே சரிங்கறான், போயிட்டு வாம்மா, நான் உனக்கு மட்டமான புருஷன் இல்ல, இங்க இருந்தா எல்லாத்துக்கும் நீதான் ராணின்னு நல்ல வார்த்தையா பேசறான், பேசிக்கிட்டே யாரும் பாக்காதப்ப மாதுளை விதைய வாயில குடுத்துடறான். அவ சந்தோஷத்துல துள்ளி எந்திரிக்கறா.

ரதம் கோயில் முன்னாடி வந்து நிக்குது. மகளப் பாத்ததும் டிமீட்டர் காட்டு மலையில வெறி புடிச்சு ஓடற மேனாட் மாதிரி, அதாவது ஒயின் தேவன் டயோனிசஸோட பக்தை மாதிரி, ஓடி வர்றா. கட்டிப் புடிச்சுக்கிட்டு அவ கேக்கற முதல் கேள்வி, கண்ணு, கீழ ஏதாவது சாப்பிட்டியா? எல்லா அம்மாவும் கேக்கற கேள்விதான், ஆனா இங்க அதுல உயிரே தொங்குது. சாப்பிட்டிருந்தா வருஷத்துல மூணுல ஒரு பங்கு கீழ போயாகணும். பெர்செபோனி மறைக்காம சொல்றா, என் விருப்பம் இல்லாம வற்புறுத்தி சாப்பிட வச்சான்னு. அதோட நிறுத்தல. அன்னிக்கு நடந்தத முதல்லேந்து தன் வாயால சொல்றா, கூட வெளையாடின ஓசியனஸ் பொண்ணுங்க ஒவ்வொருத்தி பேரையும் சொல்றா, இருபது பேருக்கு மேல, பறிச்ச பூவெல்லாம் பேர் பேராச் சொல்றா. படிக்கறவங்களுக்கு இது நீளமாப் படலாம். எனக்கு அப்படிப் படல, அவ இழந்தது எதெதுன்னு அவளே கணக்கு எடுக்கறா, இவ்வளவு நேரம் அடுத்தவங்க வாயில இருந்த கதைய தன் கையில வாங்கிக்கறா. அன்னிக்கு முழுக்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தேத்திக்கிட்டு இருக்காங்க, ஹெகாட்டியும் வந்து சேந்துக்கறா.

கடைசியா சமாதானம் பேச ஸீயஸ் யாரை அனுப்பறான் தெரியுமா, ரேயாவ. ஸீயஸ், ஹேடிஸ், டிமீட்டர் மூணு பேருக்கும் அம்மா. புருஷன் குரோனஸ் பெத்த புள்ளைங்கள ஒவ்வொண்ணா முழுங்கினப்ப பாத்துட்டு நின்னவ, அதுல டிமீட்டரும் முழுங்கப்பட்ட புள்ள. கடைசிப் புள்ள ஸீயஸ மட்டும் ஒளிச்சு வச்சு, துணி சுத்தின கல்ல புருஷனுக்குக் குடுத்து ஏமாத்தினா. புள்ளைய பறிகொடுத்தா எப்படி இருக்கும்னு ஒலிம்பஸ்ல டிமீட்டர விட நல்லாத் தெரிஞ்சவ ஒருத்தின்னா அது ரேயாதான். அவ இறங்கி வந்து நிக்கற எடம் ரேரியான் சமவெளி, ஒரு காலத்துல நல்லா வெளைஞ்ச நிலம், இப்ப ஒரு இலை இல்லாமக் கிடக்கு. அம்மா சொன்னப்பதான் டிமீட்டர் கேக்கறா. பாட்டி, அம்மா, பொண்ணு மூணு தலைமுறையும் அந்த நிலத்துல கூடினப்பறம்தான் கதிர் வருது. பாதி பேருக்கு இந்த ரேயா பகுதியே தெரியாது, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

பருவத்தப் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா அதுலயும் நமக்கு வந்து சேந்தது அரைகுறைதான். பூ பூக்கற வசந்தத்துல அவ மேல வருவான்னு பாட்டுல இருக்கு, சரி. ஆனா கிரீஸ்ல மழைக்காலமே குளிர்காலம்தான். அக்டோபர் நவம்பர்ல விதைப்பாங்க, குளிர்ல பயிர் பச்சையா நிக்கும், மே ஜூன்ல அறுவடை, அதுக்கப்புறம் கொளுத்தற வெயில்ல நிலம் காஞ்சு வெறுமையாக் கிடக்கும். அதனால பெர்செபோனி இல்லாத நாலு மாசங்கறது அந்தக் கோடைக்காலம்தான், அறுத்த தானியத்த மண்ணுக்கடியில சேமிச்சு வச்சிருக்கற காலம்னு சில அறிஞர்கள் வாதம் பண்ணியிருக்காங்க. பனி மூடின குளிர்காலம்தான் சாவுங்கறது வடக்கு ஐரோப்பாவோட அனுபவம், அத கிரேக்கக் கதை மேல ஏத்திட்டாங்கங்கறது அவங்க கட்சி. எந்தப் பக்கம் சரின்னு இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க, பாட்டோட வரிய எடுத்தா வசந்தம்னுதான் நிக்குது.

அப்புறம் ரோமுக்குக் கதை போனப்ப ரோமக் கவிஞர் ஓவிட் இத சிசிலியில, என்னாங்கற ஊர் பக்கத்துல இருக்கற பெர்கஸ் ஏரிக்கரையில நடந்ததா எழுதினார், விதைய ஏழுன்னார், வருஷத்த பாதி பாதியாப் பிரிச்சார். அழகான கவிதைதான், ஆனா ஓவிட் கதையில மாதுளைய பறிச்சு சாப்பிட்டது அந்தப் பொண்ணு தானா. ஹேடிஸோட ஏமாத்து வேலை காணாமப் போயிடுச்சு, பழி அவ மேல வந்துடுச்சு.

இப்ப இணையத்துல இன்னொரு மாத்தம் ஓடிட்டிருக்கு. பெர்செபோனி தானா விரும்பித்தான் போனா, ஹேடிஸ் பாவம் தனிமையில வாடற நல்ல மனுஷன், அம்மாதான் பொண்ண கட்டிப்போட்டு வச்ச வில்லின்னு நெறைய பேர் எழுதறாங்க, வரையறாங்க. புராணம் எல்லாருக்கும் சொந்தம், மாத்தி எழுதறத நான் தடுக்க மாட்டேன். பெர்செபோனிக்கு அதிகாரம் வேணும்ங்கற ஆசையும் எனக்குப் புரியுது, அவ ஒண்ணும் பாவப்பட்ட பொண்ணாவே நின்னுடலயே, ஹோமரோட ஒடிஸி காவியத்துல பாருங்க, பாதாளத்துக்குப் போன ஒடிஸியஸ் செத்துப்போன தன் அம்மாவ மூணு தடவை கட்டிப்புடிக்கப் போய் மூணு தடவையும் கை வெறும் நிழல்ல மூடிக்குதே, அந்த எடத்துல, இது பெர்செபோனி அனுப்பின மாயமோன்னுதான் அவன் சந்தேகப்படறான். அவள தூக்கிட்டு வர்றேன்னு போன பெய்ரிதூஸ், தீசியஸ்ங்கற ரெண்டு வீரங்களும் பாதாளத்துல உக்காந்த எடத்துலயே ஒட்டிக்கிட்டாங்க, தீசியஸ மட்டும் ஹெர்குலிஸ் வந்து மீட்டான். அவ ராணிதான், மறுக்கல. ஆனா மூலத்துல அந்தப் பொண்ணு கத்தினத அழிச்சாத்தான் ஒரு காதல் கதை கெடைக்கும்னா, அம்மாவ வில்லியாக்கினாத்தான் அவளுக்கு சுதந்திரம் வரும்னா, எனக்கு அது வேணாம்.

இத்தாலியில சிற்பி பெர்னினி 1621, 22ல செதுக்கின சிலைய பாத்திருப்பீங்க, ரோம்ல போர்கேஸே மாளிகையில இருக்கு, ஹேடிஸோட விரல் அவ தொடையில அழுந்தறது சதை மாதிரியே தெரியும், எல்லாரும் அந்த விரலப் பத்தித்தான் பேசுவாங்க. எனக்கு அத விட மனசுல நிக்கறது வட கிரீஸ்ல வெர்ஜினாவில 1977ல தொல்லியல் அறிஞர் மனோலிஸ் ஆண்ட்ரோனிகோஸ் தோண்டி எடுத்த மாசிடோனியக் கல்லறைச் சுவரோவியம். கிமு 4ஆம் நூற்றாண்டு. ஒரு சுவர்ல ரதம் பறக்குது, பெர்செபோனி ரெண்டு கையையும் வெளிய வீசறா. இன்னொரு சுவர்ல டிமீட்டர் மட்டும் தனியா, பாறை மேல, துணிய இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கா. வரைஞ்ச ஆளுக்குக் கதை யாரோடதுன்னு தெரிஞ்சிருக்கு.

கிரீஸ்லயே ஆர்கேடியா மலைப்பக்கம் சொன்ன கதை இன்னும் இருட்டு. கிபி 2ஆம் நூற்றாண்டுல ஊர் ஊராச் சுத்தி எழுதி வச்ச பாசனியாஸ் சொல்றார், மகளத் தேடி டிமீட்டர் அலைஞ்சப்ப அவளோட இன்னொரு கூடப்பொறந்தவன், கடல் தேவன் பொசைடன் அவள தொரத்தினான், அவ குதிரையா மாறி ஒளிஞ்சா, அவனும் குதிரையா வந்து பலாத்காரம் பண்ணினான்னு. ஃபிகாலியா ஊர் பக்கத்துக் குகையில கறுப்பு டிமீட்டர்னு கும்பிட்டிருக்காங்க, கறுப்பு உடுப்பு, குதிரைத் தலை. அங்கயும் அவ குகைக்குள்ள போய் உக்காந்துட்டா, அங்கயும் பூமி காஞ்சு போச்சு. அண்ணன் தம்பி மூணு பேருமே, பெரிய தேவர்கள் மூணு பேருமே, அவளுக்கு செஞ்சது இதுதான்.

எலூசிஸ்ல அந்தக் கோயில் ஆயிரம் வருஷத்துக்கு மேல நின்னுச்சு. வருஷா வருஷம் செப்டம்பர் அக்டோபர் வாக்குல ஏதென்ஸ்லேந்து இருபது கிலோமீட்டர் தூரம் ஜனங்க அங்க நடக்கற ரகசியச் சடங்குக்கு ஊர்வலமா நடந்து போவாங்க, அந்தப் புனித வழி போன தடத்துல இன்னிக்கும் அதே பேர்ல ஏதென்ஸ்ல ரோடு இருக்கு. போறதுக்கு முன்னாடி கடல்ல ஒரு பன்னிக்குட்டியோட சேந்து குளிக்கணும், நடுவுல ஒரு பாலத்துக்கிட்ட வர்றவங்கள அசிங்கமா கேலி பேசுவாங்க, இயாம்பியோட கேலிய ஞாபகப்படுத்தற மாதிரி. கிரேக்க மொழி புரிஞ்சு, கையில கொலைக்கறை இல்லாம இருந்தாப் போதும், பொம்பளைங்க, அடிமைங்க யாரு வேணா தீட்சை வாங்கலாம். உள்ள என்ன பாத்தாங்கன்னு வெளிய சொன்னா மரண தண்டனை, அதனால உள்ள நடந்தது இன்னிக்கும் முழுசா வெளிய வரல. அந்த ஊர்லயே பொறந்த நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் மேலயே ரகசியத்த சொல்லிட்டார்னு குற்றச்சாட்டு வந்துச்சு. கிமு 415ல வீட்டுல விளையாட்டுக்கு அந்தச் சடங்க நடிச்சுக் காட்டினார்னு சொல்லி ஏதென்ஸ் தளபதி அல்கிபியாடிஸ் மேல வழக்குப் போட்டு அவரோட வாழ்க்கையே தலைகீழாப் போச்சு. தீட்சை வாங்கின ரோமப் பேச்சாளர் சிசரோ, ஏதென்ஸ் உலகத்துக்குக் குடுத்ததுல இத விட மேலானது இல்ல, சந்தோஷமா வாழவும் நல்ல நம்பிக்கையோட சாகவும் கத்துக்கிட்டோம்னு எழுதினார். ரோமப் பேரரசர் மார்கஸ் ஆரேலியஸும் 176ல வந்து தீட்சை எடுத்துக்கிட்டார். 4ஆம் நூற்றாண்டு கடைசியில பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுங்கள தடை பண்ணினார், அடுத்து கோத் இனத் தலைவன் அலாரிக்கோட படை வந்துச்சு, கோயில் முடிஞ்சுது.

கோயில்தான் முடிஞ்சுது. 1801ல எட்வர்ட் டேனியல் கிளார்க்னு ஒரு ஆங்கிலேயர் எலூசிஸுக்கு வந்தப்ப, கிராமத்து ஜனங்க ஒரு பெரிய பளிங்குப் பொம்பளைச் சிலைய, தலையில கூடை வச்ச சிலை, புனித டிமீட்ரான்னு கும்பிட்டுட்டு இருந்தாங்க. கிறிஸ்தவ சபையில அப்படி ஒரு புனிதையே கெடையாது. கழுத்து வரைக்கும் சாணி எரு குமிஞ்சு கிடந்துச்சு, வெளைச்சல் அந்தச் சிலையாலதான்னு நம்பினாங்க, விளக்கு ஏத்தினாங்க. தூக்கப் போறப்ப ஒரு மாடு வந்து சிலைய முட்டிட்டு ஓடிச்சு, ஊரே மிரண்டு போச்சு, இத ஏத்திட்டுப் போற கப்பல் உருப்படாதுன்னு சொன்னாங்க. அவங்க தடுத்தும் கேக்காம எடுத்துட்டுப் போனார். அந்தக் கப்பல் இங்கிலாந்து கரைக்கிட்ட பீச்சி ஹெட் பக்கம் உடைஞ்சுது, சிலைய மட்டும் மீட்டு கேம்பிரிட்ஜ் கொண்டு போனாங்க. இப்ப ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துல இருக்கு. உண்மையில அது டிமீட்டரே இல்ல, கோயில் நுழைவாயிலத் தாங்கின ரெண்டு தூண் சிலைங்கள்ல ஒண்ணு. அவளோட ஜோடி எலூசிஸ் அருங்காட்சியகத்துலயே இருக்கா. ஊர்க்காரங்க போக விடாம மறிச்சது சரின்னுதான் நான் சொல்வேன், அந்த ரெண்டு பேரையும் ஒரே வாசல்ல சேத்து வைக்கணும்.